மாமியும் மருமகனும் ஒரு கிளச்சும்

சின்ன உழவு இயந்திரம் வாங்க வருகிறவர்கள் முதலில் நிறத்தைப் பார்ப்பார்கள், அடுத்ததாகக் குதிரைவலுவைக் கேட்பார்கள், அதற்குப் பிறகுதான் கியரா மிதியா என்று கேட்பார்கள். அந்தக் கடைசிக் கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வது என்று, கடையில் விற்கப் புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களுக்கு நான் எழுதித் தந்தால் நல்லது என இப்போதைய முதலாளி நினைக்கிறார். என் காலத்தில் அவர் சின்னப் பிள்ளை. நான் வியாபாரம் செய்த கதைகள் அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வேறு ஆளைப் பிடித்திருப்பார்.

நான் மருதமுனையில் தறிக்காரர் குடும்பத்துப் பிள்ளை. எங்கள் வீட்டுக்கும் நெல்லுக்கும் இருந்த ஒரே தொடர்பு சோறு. அப்படிப்பட்டவன் கல்முனைக் கடையில் இருந்துகொண்டு, பரம்பரை பரம்பரையாக வெள்ளாமை செய்தவர்களுக்கு எந்த மெசின் அவர்களுடைய வயலுக்குப் பொருந்தும் என்று ஓய்வு பெறும்வரை சொல்லிக்கொண்டிருந்தேன். அவர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். நான் நன்றாகவே பிழைத்தேன்.

நடுவில் ஒருமுறை என்னைக் கொழும்புக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். போகும்போது மனிதனாகப் போனேன், வரும்போது டை கட்டிக்கொண்டு வந்தேன். கல்முனை வெயிலில் டை கட்டியவர்கள் அந்தக் காலத்தில் இரண்டே வகை, வங்கி மனேஜர்மாரும் நானும். மனைவி அதைப் பார்த்துவிட்டு ஆட்டுக்குட்டிக்குக் கயிறு கட்டினது மாதிரி இருக்கிறது என்றாள். நான் கழற்றவில்லை.

கியர், மிதி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கியர் மெசினில் இடது காலால் கிளச்சை மிதித்தால் எஞ்சினின் ஓட்டம் சில்லுக்குப் போகாது, சக்கரம் சுற்றாது, மெசின் நிற்கும். காலை எடுத்தால் ஓடும். மற்றது எண்ணெய் அழுத்தத்தில் ஓடுவது. அதன் முழுப் பெயரைச் சொன்னால் வாங்க வந்தவர் குடிக்கத் தண்ணீர் கேட்பார் என்பதால் கடையில் அதை ‘மிதி மெசின்’ என்றே சொன்னோம். எங்களிடம் வந்த மிதி மெசினில் இடது பக்கத்தில் எதுவுமே கிடையாது. வலது காலால் மிதித்தால் போகும், காலை எடுத்தால் நிற்கும். ஆக, ஒன்றில் காலை எடுத்தால் ஓடும், மற்றதில் காலை எடுத்தால் நிற்கும். இந்த ஒரு வித்தியாசத்தை ஊருக்குப் படிப்பித்துத்தான் நான் சம்பளம் வாங்கினேன்.

சுனாமிக்குப் பிறகு கரையோரத்தில் இடிந்த வீடுகளின் கல்லையும் மண்ணையும் அள்ள வந்த நிறுவனங்களுக்கு மிதி மெசின் மிகவும் பிடித்துப்போயிற்று. அள்ளுகிற வேலையில் ஓயாமல் முன்னுக்கும் பின்னுக்கும் போய்வர வேண்டும். ஒவ்வொரு தடவையும் கிளச்சை மிதித்துக் கியர் மாற்றினால் மாலையில் ஓட்டுநருக்குக் கால் இருக்காது. வயற்காரர்களோ அதைப் ‘பொம்பிளை மெசின்’ என்று சொல்லிச் சிரித்தார்கள். சேற்றில் அது கியர் மெசின் அளவுக்கு இழுக்காது என்பதும் உண்மைதான். இதையெல்லாம் சேர்த்து நான் ஒரு வசனம் செய்தேன்: ‘கரைக்கு மிதி, வயலுக்கு கியர்.’ பழைய முதலாளிக்கு அது நன்றாகப் பிடித்துவிட்டது, சுவரில் எழுதி மாட்டச் சொன்னார். அன்றிலிருந்து வாங்க வருகிறவரின் வயல் எங்கே என்று மட்டும் கேட்பேன். வேறு ஒன்றும் கேட்கத் தேவையில்லை என்று நினைத்தேன்.

யுத்தம் முடிந்து வந்த முதல் மாரியில் கடையில் ஆட்கள் நிரம்பி வழிந்தார்கள். வருடக்கணக்கில் போக முடியாமல் கிடந்த வயல்களுக்கு எல்லோரும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அப்படி வந்தவர்களில் ஒருவர் சாய்ந்தமருதைச் சேர்ந்த அவ்வா உம்மா. அவருடைய கணவரைச் சுனாமி கொண்டுபோயிருந்தது. சம்மாந்துறைக்கு அப்பால் அவர்களுக்கு ஒரு வயல் இருந்தது. யுத்த காலத்தில் அதில் பற்றைதான் வளர்ந்தது, ஒரு மூலையில் காவலரண்கூட இருந்ததாம். அந்த மாரியில் அதை விதைத்தே ஆக வேண்டும் என்று சொன்னார். இன்னும் ஒரு போகம் வெறுமனே கிடந்தால் பக்கத்து வயலின் வரம்பு நடந்து வந்துவிடும் என்றார். சின்ன மெசின் ஒன்றை வாங்கிக் கொடுத்தால் மருமகன் செய்வார், இல்லாவிட்டால் குத்தகைக்கு விட வேண்டியதுதான். குத்தகைக்கு விட்டால் மருமகன் இன்னும் எத்தனை காலம் சொந்தக்காரரின் இரும்புக் கடையில் கதிரையில் உட்கார்ந்திருப்பார் என்பதையும் அவர் யோசித்திருக்க வேண்டும். அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை.

மருமகனின் பெயர் ஜவ்பர். கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர். இளமையில் நெல் ஆலை ஒன்றில் உழவு மெசின் ஓட்டிப் பழகியிருந்தார். சுனாமியில் தோணி போயிற்று, காலிலும் அடிபட்டது, ஆனால் கால் சுகமாகிவிட்டது என்று அவரே சொன்னார். நானும் சரி என்று விட்டுவிட்டேன்.

வெளியூர்களில் இருந்து வந்திருப்பவர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. மாப்பிள்ளை வந்து அந்த வீட்டில் வாழ்வார், மாமியும் அதே வளவுக்குள்தான். ஆனால் அந்தத் தலைமுறையில் மரியாதை கருதி மாமி மருமகனோடு நேருக்கு நேர் கதைப்பதில்லை. அவர் வரும் அரவம் கேட்டால் முக்காட்டை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார். சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்வார், மகள் கணவனிடம் சொல்வாள், பதிலும் அதே வழியாகத் திரும்பி வரும். இப்போது மாமிமார் மருமகன்மாருக்கு வட்ஸ்அப் அனுப்புகிறார்கள். அப்போது அப்படியில்லை.

அன்றைக்கு மகள் பிள்ளை பெற்று நாற்பது நாள் முடியாமல் வீட்டில் இருந்தாள். அதனால் அவளுடைய வேலை என் தலையில் விழுந்தது. அவ்வா உம்மா என் மேசைக்கு முன்னால் கதிரையில் இருந்தார். ஜவ்பர் வாசல் பக்கமாக, மெசின்களுக்கு மறைவில் நின்றார். ஒருவர் சொல்வது மற்றவருக்கு அட்சரம் பிசகாமல் கேட்கும். ஆனாலும் மாமி சொன்னதை நான் மருமகனிடம் திருப்பிச் சொன்னேன், மருமகன் சொன்னதை மாமியிடம் திருப்பிச் சொன்னேன். இருவரும் என் வாயிலிருந்து வரும்வரை கேட்காதவர்கள் மாதிரியே இருந்தார்கள். மாமி எனக்கு ராத்தா, அதாவது அக்கா; மருமகனுக்கு நான் காக்கா, அதாவது அண்ணன். எனக்கு அந்தப் பதவி பிடித்திருந்தது. சொல்கிற ஒவ்வொன்றிலும் என் சொந்தச் சரக்கையும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டேன்.

அவ்வா உம்மா குடைக் காம்பால் மிதி மெசினைக் காட்டி, “தம்பி, இந்த இடது பக்கத்து மிதி இல்லாத மெசின் எங்கட வயலுக்குச் சரி வராதா?” என்று கேட்டார்.

“ராத்தா, இது தையல் மெசின் இல்ல. வயலுக்கு கியர்தான்” என்றேன். சுவரில் மாட்டியிருந்த என் வசனத்தையும் வாசித்துக் காட்டினேன்.

கொஞ்ச நேரம் போனதும் அதையே மறுபடி கேட்டார். பிறகு இன்னொரு தடவையும் கேட்டார். ஒவ்வொரு தடவையும் குடைக் காம்பு கியர் மெசினின் கிளச் மிதியில் போய் நின்றது. ஒரு பெண் ஒரே கேள்வியை அப்படித் திரும்பத் திரும்பக் கேட்டால் அதில் ஏதோ இருக்கிறது என்று யோசிக்கிற ஆள் யோசிப்பான். இந்த அம்மாவுக்கு விளங்கவில்லை என்று முடிவு செய்து, நான் முதலிலிருந்து விளக்கினேன். வாசல் பக்கமிருந்து ஜவ்பர், “கியர் மெசின்தான் வேணும் எண்டு மாமிட்ட செல்லுங்க காக்கா” என்றார். கொஞ்சம் அவசரமாகத்தான் சொன்னார். பார்த்தீர்களா, ஆம்பிளைக்கு விளங்குகிறது என்கிற மாதிரி நான் தலையை ஆட்டினேன்.

வாங்குவதற்கு முன் வயலில் ஓட்டிக் காட்டுவது நம் கடை வழக்கம். கியர் மெசினை ஏற்றிக்கொண்டு சம்மாந்துறைப் பக்கம் போனோம். மிதி மெசினையும் கொண்டுபோவோமா என்று நம் ஓட்டுநர் கேட்டார். வீண் டீசல் என்றேன்.

மழை பெய்து வயல் ஊறிக் கிடந்தது. அவ்வா உம்மா வாய்க்காலின் மறுகரையில் குடையோடு நின்றார், மருமகனுக்கு முகம் தெரியாத மாதிரிக் கொஞ்சம் திரும்பி. ஜவ்பர் மெசினில் ஏறிய விதம் எனக்கு நினைவிருக்கிறது. பக்கவாட்டில் ஏறாமல் பின்பக்கமாக வந்து, இரண்டு கையாலும் மட்கார்டைப் பிடித்து, இடது காலை மடக்காமல் நீட்டியபடியே ஒரு சுழற்று சுழற்றி ஏறினார். பழைய கை, என்ன ஸ்டைல் என்று மனதுக்குள் மெச்சினேன்.

முதலில் நன்றாகத்தான் ஓட்டினார். ஆனால் வாய்க்கால் பக்கத்து மூலையில் திரும்பும்போது, பல வருடம் பராமரிப்பில்லாமல் கிடந்த வரம்பு முன் சில்லின் கீழ் சரிந்தது. மெசின் சாய்ந்தபடியே வாய்க்காலை நோக்கி ஊர்ந்தது. பிரேக்கை மிதித்தார், சில்லு சேற்றில் வழுக்கியது. இப்படியான நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று உங்களில் நேற்று வந்தவருக்கும் தெரியும். கிளச்சை முழுதாக மிதிக்க வேண்டும். ஜவ்பர் இருக்கையை விட்டு இடுப்பைத் தூக்கி, உடம்பு முழுவதையும் சரித்து, விறைத்த இடது காலால் கிளச்சை எட்டி அமுக்கிக்கொண்டிருந்தார். பாதிக்கு மேல் அமுங்கிவிட்டது, மெசினும் கிட்டத்தட்ட நின்றுவிட்டது. ஒரு மூச்சுப் பொறுத்திருந்தால் எல்லாம் நல்லபடி முடிந்திருக்கும். அந்த நேரம் பார்த்து நான் வாயைத் திறந்தேன்.

“காலை எடுங்க! காலை எடுங்க!”

அந்த வாரம் முழுவதும் ஒரு நிறுவனத்தின் ஆட்களுக்கு மிதி மெசின் ஓட்டப் பழக்கிக்கொண்டிருந்தேன். அவர்கள் எதிலாவது மோதப் போகும் ஒவ்வொரு தடவையும் அப்படிக் கத்தியிருந்தேன், அவர்களும் காலை எடுத்து ஒவ்வொரு தடவையும் தப்பியிருந்தார்கள். நாக்கு அதற்குப் பழகிவிட்டது. ஊருக்கெல்லாம் படிப்பித்த அந்த ஒரே வித்தியாசம் அந்த ஒரு நிமிடம் எனக்கே மறந்துபோயிற்று. டை கட்டிய மனிதர் சொல்கிறாரே என்று ஜவ்பர் காலை எடுத்துவிட்டார்.

கயிறறுத்த மாடு மாதிரி மெசின் ஒரு பாய்ச்சல் பாய்ந்து, வாய்க்காலுக்குள் மூக்கைக் குத்தியது. எஞ்சின் இருமிவிட்டு நின்றது. மெசினின் மூக்குக்கும் அவ்வா உம்மாவின் செருப்புக்கும் நடுவில் ஒரு குடை நீளம் இருந்திருக்கும். அவர் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

நான் ஓடினேன், வரம்பில் வழுக்கி முகம் குப்புற விழுந்தேன், டை எனக்கு முன்னால் சேற்றுக்குள் போயிற்று. எழுந்ததும் வெட்கமில்லாமல், கிளச்சை மிதிக்கத் தெரியாதா என்று ஜவ்பரைத்தான் ஏசினேன். கத்தியது நான் என்பதை அவர் எனக்கு நினைவூட்டவில்லை. அவருடைய கவலை வேறு. கீழே குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“காக்கா, இடது முழங்கால் மடங்குதில்ல. கடல் வந்ததுக்குப் பொறகு மடங்குதே இல்ல. மாமிக்குத் தெரிஞ்சா வயலக் குத்தகைக்குக் குடுத்திருவா. மெசின் வழுக்கிப் பெய்த்து எண்டு செல்லுங்க.”

அவர் மெல்லத்தான் சொன்னார். ஆனால் எஞ்சின் நின்றுபோன வயலில் மெல்லச் சொல்லவும் முடியாது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மாமி, இந்தப் பக்கம் மருமகன், நடுவில் முழங்கால்வரை சேற்றில் நான். கடையில் எவ்வளவு ஆசையாகச் செய்த வேலை. இப்போது அதே வேலையைச் செய்ய வாய் வரவில்லை. வழுக்கியது என்று சொன்னால் நாளைக்கு அதே மெசினை அவர் தலையில் கட்டிவிடுவேன், அடுத்த முறை அது கவிழும். கால் மடங்காது என்று சொன்னால் அந்த மனிதருடைய பிழைப்பை என் வாயாலேயே முடித்துவைப்பேன். 

“ராத்தா, மெசின் வந்து…” என்று இழுத்தேன்.

“மருமகன்ட்ட செல்லுங்க தம்பி…” என்று அவரும் தொடங்கினார். தொடங்கியவர் சேற்றில் நின்ற என்னை ஒரு பார்வை பார்த்தார். இந்த ஆளை நம்பி இதைக் கொடுத்தனுப்ப முடியாது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். கையைக் காட்டி என்னை நிறுத்தினார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நேரே ஜவ்பரைப் பார்த்துத் திரும்பினார்.

“மகன், எனக்கு எப்பவோ தெரியும். நீங்க இரிந்து தொழுற கதிரைய ஒவ்வொரு நாளும் துடைச்சி வெக்கிறது ஆரெண்டு நினைச்சீங்க? வயல் ஒருத்தருக்கும் குத்தகைக்கு இல்ல. உங்கட காலுக்கு ஏத்த மெசினப் பாருங்க.”

ஜவ்பர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தலையைக் குனிந்துகொண்டார். “ஓம் மாமி” என்றார். அவர்கள் இருவரும் நேரடியாகப் பேசிக்கொண்ட முதல் பேச்சு அது என்று பிறகு மகள் என் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள். ஜவ்பர் இறங்கினார். இந்த முறை பின்பக்கமாகப் போகவில்லை, சுழற்றவும் இல்லை. கையால் இடது காலைத் தூக்கி வெளியே வைத்து, பிடித்துப் பிடித்து, எல்லோரும் பார்க்க இறங்கினார். வழக்கப்படி மாமி முகத்தைத் திருப்பியிருக்க வேண்டும், அவர் திருப்பவில்லை. எனக்குத்தான் கண் நிறைந்துவிட்டது. சேற்றுக் கையால் அதைத் துடைக்கப் போய் இன்னும் எரிந்தது.

அவர் ஏன் அந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார் என்பது அந்த வரம்பில் நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது. மருமகனின் குறையை அந்நியனான என் முன்னால், அவருக்குக் கேட்கும்படி, எப்படிச் சொல்வார்? சொல்லாமல் சொல்ல ஒரு குடைக் காம்பு மட்டும்தான் அவரிடம் இருந்தது. எனக்கோ கண் இரண்டும் சுவர் வசனத்தில் இருந்தது.

என் வசனம் பிழையில்லை, இன்றைக்கும் சொல்கிறேன். மண்ணையும் சேற்றையும் வைத்துப் பார்த்தால் வயலுக்கு கியர்தான். ஆனால் மண் வந்து மெசினில் ஏறி உட்காருவதில்லை. யார் ஓட்டப் போகிறார் என்று கேளுங்கள், அவரை மெசினில் ஏற்றி உட்கார வையுங்கள், எப்படி ஏறுகிறார், எப்படி இறங்குகிறார் என்று பாருங்கள். ஓட்டப் போகிறவர் வாசலில் நின்றால் நீங்கள் எழுந்து வாசலுக்குப் போங்கள். இவ்வளவையும் செய்துவிட்டு மிச்சமிருந்தால் உங்கள் சரக்கை அவிழ்த்து விடுங்கள்.

வாய்க்காலில் இருந்து மெசினை இழுத்தெடுத்து முடிந்ததும், மிதி மெசினின் குறைகளை ஒளிக்காமல் சொன்னேன். முதல் உழவில் திணறும், சூடேறும், டீசல் கூடக் குடிக்கும். எப்போதும் ஒரு மணித்தியாலம் எடுக்கிற விஷயம், வாய்க்குள் சேறு இருந்ததால் சீக்கிரம் முடிந்தது.

அடுத்த நாள் காலையில் இருவரும் மறுபடி கடைக்கு வந்தார்கள். நான் வேறு சட்டை போட்டு, டை இல்லாமல், இருவருக்கும் நடுவில் போய் நின்றேன். ஜவ்பர் மிதி மெசினில் ஏறி இருந்து, வலது காலால் மிதித்து வாசல்வரை கொண்டுபோனார், காலை எடுத்து நிறுத்தினார், பின்னுக்கு எடுத்தார், மறுபடி நிறுத்தினார். முகத்தில் ஒரு சிரிப்பு வந்து ஒட்டிக்கொண்டது, அதை அவரால் மறைக்க முடியவில்லை. அவ்வா உம்மா கதிரையிலிருந்து எழுந்து மெசினுக்குப் பக்கத்தில் போனார். முதல் உழவுக்குப் பெரிய மெசினைக் கூலிக்குப் பிடிப்பதா என்று மருமகன் மாமியைக் கேட்டார். பிடிப்போம், மற்ற வேலையெல்லாம் இதில் செய்யலாம்தானே என்று மாமி மருமகனுக்குச் சொன்னார். மெசினுக்குப் பின்னால் எந்த இழுவைப் பெட்டியை மாட்டுவது, மழைக்கு மெசினை வளவில் எங்கே விடுவது என்று அவர்களே கதைத்தார்கள், அவர்களே முடிவு செய்தார்கள். நடுவில் நான் ஒருவன் நிற்பதை இருவரும் மறந்தே போனார்கள். என் ஆயுளில் நான் வாயே திறக்காமல் விற்ற ஒரே மெசின் அதுதான். நான் விற்றவற்றில் சரியான ஆளிடம் போய்ச் சேர்ந்தது என்று சத்தியம் செய்து சொல்லக்கூடியதும் அது ஒன்றுதான்.